கப்பரைக்குள் ஒரு கை

திருநீற்றுக் கப்பரைக்குள் கையை விட்டதும் சங்கிலிபூதத்தானுக்குத் திக்கென்றது. திருநீறு சுட்டது. பங்குனி வெயிலென்று சொல்லிக்கொள்ள முடியாது. கப்பரை இருந்தது பீடத்து நிழலில். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டால் உள்ளங்கையில் ஏறுமே, அந்தச் சூடு.

தாமிரபரணிக் கரையில் சுடலைமாடனுக்கு உச்சிக்கொடை, நடுப்பகல் திருவிழா. மேளமும் வில்லுப்பாட்டு மணியும் வெயிலோடு சேர்ந்து மண்டைக்குள் இறங்க, பிச்சிப்பூவும் கிடா ரத்தமும் சாம்பிராணிப் புகையும் குழைந்து மூச்சை அடைக்க, இடுப்பில் சாமியாடிச் சல்லடம் கட்டி, கையில் வல்லய ஈட்டி ஏந்தி அவன் ஆடிக்கொண்டிருந்தான். ஊருக்கு அவன்தான் இப்போது மாடன். சாமி தன்மேல் இறங்குவது நின்று இரண்டு வருஷமாகிறது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

காலையிலேயே பஞ்சாயத்துத் தலைவர் ஆவுடைநாயகம் வெற்றிலையை மடித்தபடி சொல்லியிருந்தார்.

“போன வருசம் மாதிரிதான், வே! பரமசிவன் பொண்டாட்டி வந்தா நீறு கெடையாது.”

“பிள்ளயப் பறிகொடுத்தவ, அண்ணாச்சி.”

“அவ புருசன எனக்கு எதுத்து எலெக்சன்ல நிக்கச் சொன்னது நானா? வல்லயம் பிடிக்க ஒம்ம தம்பியும் காத்துக்கிட்டுத்தான் இருக்கான், பாத்துக்கிடும்.”

போன கொடையில் பரமசிவன் மனைவி பிரம்மநாயகி மூன்று வயது மகள் பிருந்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அனலாய்க் கொதித்தது பிள்ளை. நீறு பூசிய கையோடு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற நினைத்திருந்தாள். “ஒனக்கு நீறு இல்ல, போ” என்றான் இவன், மாடன் குரலில். சாமியே கைவிட்ட பிறகு டாக்டர் என்ன செய்வார் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மூன்றாம் நாள் பிருந்தா போய்விட்டது.

வரிசை நகர்ந்தது. ஒவ்வொரு நெற்றியாகப் பூசினான்.

“சாமி என்ன, கைய கைய உதறுது?”

“காலைல காப்பி கெடைக்கல போல. பேசாம வாடி.”

பூசியவர்களைத் திரும்பிப் பார்த்தான். பட்டையாகத்தான் இழுத்திருந்தான். நெற்றிகளில் இருந்ததோ, சின்னப் பிள்ளை விரலால் இழுத்ததுபோல மூன்று குட்டிக் கோடுகள். அரை விரல் நீளம். ஆவுடைநாயகம் நெற்றியிலும்.

கடைசியில் பிரம்மநாயகி. வெறும் நெற்றி. வெறும் தோள்.

மேளம் நின்றது.

“சாமி, நான் என்ன குத்தம் செஞ்சேன்? அத மட்டும் சொல்லிரு.”

ஆவுடைநாயகம் செருமினார்.

தம்பி வல்லயம் பிடித்தால் பிடிக்கட்டும். இவளுக்கு நீறு கொடுத்துவிட வேண்டும். கப்பரைக்குள் கையை விட்டான்.

ஏதோ பிடித்தது.

விரல்கள். ஐந்து. சின்னச் சின்னதாய். கொதிக்கக் கொதிக்க.

இழுத்தான். வரவில்லை. அவள் நெற்றியைத் தாழ்த்திக் காத்திருந்தாள். ‘நில்லு தாயீ’ என்று சொல்ல வாயைத் திறந்தான். குரல் எழவில்லை.

நிமிர்ந்து, கப்பரையை விட்டு வராத அவன் கையைப் பார்த்தாள். பிறகு தலையாட்டிக்கொண்டாள், இந்த வருசமும் நீறு இல்லை என்று புரிந்துவிட்டதுபோல. முந்தானையால் வெறும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் பைய நடந்தாள்.

நீற்றுக்குள் அந்தக் கை அவன் சுண்டுவிரலை இறுக்கியது. கொடைக் கூட்டத்தில் தொலைந்துவிடுவோமோ என்று பிள்ளைகள் பிடிக்குமே, அப்படி.