கைப்பிடி இல்லாத அறை

பினாங்கு வாழ் மக்களுக்கு ஒரு மாபெரும் அறிவிப்பு: டத்தோ கிராமாட் வட்டாரத்தில் ஒரு பழைய சீனக் கடைவீட்டில், இன்று மாலை ஐந்து மணிக்கு, மனித மனத்தின் அலைச்சல் நிரந்தரமாக ஒழிக்கப்படும். டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் ரிப்பன் வெட்டுவார். பிறகு கேசரி.

அறிவிப்பை எழுதியவள் குமுதா. பதினெட்டு வருஷம் தொழிற்சாலையில் மனிதவள அதிகாரியாக இருந்து ஊழியர்களின் நிம்மதியைக் கெடுத்தவள். ஆறு வார இணைய வகுப்பில் யோகா ஆசிரியையாகத் தேறியவள். "இந்த யோகா மூனு மாசம் தாண்டாது" என்று கணவன் மோகனராஜ் சொன்னதைப் பொய்யாக்கவே அந்தக் கடைவீட்டுக்குள் அமைதி அறை ஒன்றைக் கட்டினாள்.

வீட்டின் நடுவில் வானம் பார்த்த திறப்பு ஒன்று இருந்தது. மழையும் வெயிலும் நேராக உள்ளே இறங்கும் இடம். அறை அதற்கு நேர் கீழே. அதைப் பலகை போட்டு மூடச் சொன்னபோது, கட்டுமான வேலை எடுத்திருந்த சுகுமாரன் தலையைச் சொறிந்தான்.

"வேணாம் அக்கா. பழைய வீடு இது வழியாத்தான் மூச்சு விடுது லா."

"வீட்டுக்கு எதுக்கு தம்பி மூச்சு? மூச்சு விட நான் ஆள் கூட்டிட்டு வரேன்."

"சரி, கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியாச்சும் வெக்கட்டா?"

"கைப்பிடியைப் பார்த்தா மனசு வெளிய ஓடிடும்."

"மனசு ஓடட்டும். ஆளு எப்படி வர்றது?"

"வகுப்பு முடிஞ்சா வெளியிலேர்ந்து நான் தள்ளித் திறப்பேன்."

சுகுமாரன் சிரித்தான். நாலு சுவரிலும் கதவிலும் பஞ்சு அடைத்து ஒரே வெளிர்த் துணியைப் போர்த்தினான். கதவைச் சாத்தினால் எது கதவு, எது சுவர் என்று அவனுக்கே தெரியாது. அந்த அளவுக்குச் சுத்தமான வேலை.

மூன்று மணிக்கு அவன் கேசரி எடுக்கப் போனான். குமுதா தன் விதிப்படியே கைத்தொலைபேசியை வெளிக்கூடையில் போட்டாள். கதவிடுக்கில் யோகாவுக்கு வாங்கிய மரக்கட்டையை வைத்துவிட்டு, வகுப்பை ஒருமுறை ஒத்திகை பார்க்க உள்ளே போய் உட்கார்ந்தாள். உப்புக்கல் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. லாவெண்டர் புகைக்கு அடியில் இன்னொரு வாசனை, பல வருஷம் மூடி வைத்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, அது, மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. சுகுமாரன் பசையில் கஞ்சத்தனம் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கியில் அவளே பதிவு செய்த குரல்: "மூச்சை இழுங்க... நிறுத்துங்க... மெதுவா விடுங்க..."

அவள் இழுத்தாள். நிறுத்தினாள். விடுவதற்கு முன்பே எதுவோ விட்டது.

நீண்ட, ஈரமான, நிம்மதியான மூச்சு. தலைக்கு மேல், முன்பு வானம் இருந்த இடத்திலிருந்து வந்தது. பின்னங்கழுத்து மயிர் அசைந்தது. அந்தக் காற்றில் மரக்கட்டை தரையில் வழுக்கி விலக, கதவு ஓசையே இல்லாமல் சாத்திக்கொண்டது.

"மெதுவா விடுங்க," என்றது அவள் குரல்.

எழுந்தாள். கதவு தனக்குப் பின்னால்தான் இருந்தது என்று திரும்பினாள். வெளிர்த் துணி. இடது பக்கம், வெளிர்த் துணி. தடவிப் பார்த்தாள். தள்ளினால் பயனில்லை, கதவு உள்பக்கமாகத் திறப்பது, இழுக்க வேண்டும். எதைப் பிடித்து இழுப்பது? நகங்களைத் துணியில் செருகினாள். பஞ்சு வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் பஞ்சு.

"சுகு! தம்பி!"

குரல் வாயை விட்டு ஒரு சாண் போய் அணைந்தது.

அதன்பிறகுதான் துணி கதகதப்பாக இருப்பதைக் கவனித்தாள். உள்ளங்கைக்கு அடியில் சுவர் மெல்ல உள்வாங்கியது, பல்லில்லாத கன்னம் போல. பிறகு உப்பியது. அவள் நெஞ்சு எழும்போது சுவர் இறங்கியது. அவள் விட்ட காற்றை அது எடுத்துக்கொண்டது. அது விட்ட காற்றில் அவளுக்கு ஒன்றுமே மிச்சமில்லை.

கட்டி நாற்பது நாளாக மூடிக் கிடந்த அறை. பசி இருக்கும்தானே என்று மனத்துக்குள் ஒரு மூலை, பழைய அதிகாரியின் நிதானத்தோடு, சொன்னது.

"இழுங்க," என்றது ஒலிபெருக்கி.

இழுத்தாள்.

"நிறுத்துங்க."

காத்திருந்தாள். விளக்கு மங்கியது. பதிவில் அடுத்த வார்த்தை என்ன என்று அவளுக்குத் தெரியும். முப்பது தடவை பதிவு செய்து அழித்தவள்.

"நிறுத்துங்க."

கதவை அடித்தாள். சுவரை அடித்தாள். எது எது?

"நிறுத்துங்க."

மேல்பலகை இறங்கிக்கொண்டிருந்தது. இல்லை, பலகை அப்படியே இருந்தது. அதன் துணிதான் இறங்கியது. நடுவில் குழிந்து, ஈரமாகி, விளிம்பு தடித்து. அவள் உட்கார்ந்தாள். படுத்தாள். இனிப் போக இடமில்லை. துணி முகத்தின் மேல் படிந்து, நெற்றியை, மூக்கை, உதட்டை ஒவ்வொன்றாக அளந்து, வாயைக் கண்டுபிடித்து நின்றது. நெய்த நூலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வாய். திறந்திருந்தது.

"நல்லா பண்றீங்க," என்றது அவள் குரல், மிகவும் அன்பாக. இப்போது ஒலிபெருக்கியிலிருந்து அல்ல.

அது இழுத்தது.

ஐந்து மணிக்கு வந்த பன்னிரண்டு பேரும், குமுதா வந்து திறப்பாள் என்று, சாத்திய கதவுக்கு வெளியே நின்று கேசரி சாப்பிட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்று சுகுமாரனின் வேலையைப் பாராட்டினார்கள்.