மூன்று நாற்பதுக்குப் பச்சை விளக்கு

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய கட்டடம், மூன்றாவது மாடி, பின்பக்கப் பகுதி. படிக்கட்டு முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாசனை. எனக்கும் என் ஏழு வயது மகள் நண்டுக்கும் சேர்த்து இரண்டு பெட்டி துணி, ஒரு மெத்தை, ஒரு கணினி. கணினியைச் சுமந்து ஏற்றியவன் என் அண்ணன். கணினி பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு.

நாங்கள் அங்கே இருப்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பள்ளியை மாற்றியாயிற்று, போன் நம்பரை மாற்றியாயிற்று. நான் விட்டுவிட்டு வந்த மனிதர், என்னையும் குழந்தையையும் உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர். கடைசியாக அவர் சொன்னது இதுதான்: "நீ எங்க வேணா ஓடு. என் புள்ளைய ஒரு நாள் கூட்டிட்டுப் போவேன்." சொல்லும்போது கையிலிருந்த பேனாவை டிக், டிக் என்று அமுக்கிக்கொண்டே இருந்தார். கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார். பேனாவைத்தான் அமுக்குவார்.

என் வேலை, டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்பும் பதிவுகளை ஹெட்போனில் கேட்டுத் தட்டச்சு செய்வது. பதிவு எந்த நேரத்திலும் வரும். அதனால் நெட் நாள் முழுக்க ஓட வேண்டும்.

"கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணவே பண்ணாத," என்றான் அண்ணன். "ஏதாச்சும் கோளாறுன்னா என் வீட்டுலருந்தே உள்ள வந்து சரிபண்ணிடுவேன். அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன்."

"அந்த வழியா வேற யாராச்சும் வந்துட்டா?"

"பாஸ்வேர்ட் நம்ம ரெண்டு பேருக்குந்தான் தெரியும். நீ உன் வாயை அடக்கினா போதும்."

தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள் முணுமுணுப்பது என் பழக்கம். பத்து வருஷத் தொழில் தந்த சீக்கு. அதைத்தான் கிண்டல் செய்தான். நானும் சிரித்தேன். கூடப்பிறந்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

முதலில் காதில்தான் பட்டது. ஒரு புதன்கிழமை பிற்பகல், இதய டாக்டர் ஒருவர் பேசி முடித்த இடைவெளியில், ஹெட்போனுக்குள் டிக், டிக். டாக்டர்களும் பேனாவை அமுக்குவார்கள், காகிதம் புரட்டுவார்கள், டீ உறிஞ்சுவார்கள். எல்லாவற்றையும் கேட்டுப் புளித்த காது இது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளும் கேட்டது.

அப்போது எந்தப் பதிவும் ஓடவில்லை.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன். மணி மூன்று நாற்பது. பத்து நிமிடம் முன் பள்ளியிலிருந்து வந்து பையை மூலையில் வீசியிருந்த நண்டு, எப்போதும்போல் என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். நான் மொட்டைமாடியில் காயும் துணிகளை எடுக்கப் போகும் நேரம் அது. அன்று போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

திரைக்கு மேலிருந்த கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது.

மவுஸை யாரும் தொடவில்லை. அம்பு மட்டும் மெல்ல நகர்ந்து, திரையின் ஓரத்துக்குப் போய் ஒதுங்கி நின்றது.

நண்டு திரையைப் பார்த்துக் கையாட்டினாள்.

"யாருக்குடி கையாட்டுற?"

"சும்மாம்மா," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். ஏதாவது வைரஸாக இருக்கும் என்றான். அப்படியானால் கடையில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றேன். "வேணாம், வேணாம். நான் வர்றேன்," என்று பதறினான். அந்தப் பதற்றம்தான் எனக்கு உறுத்தியது.

சனிக்கிழமை வந்தவனிடம், "உள்ள யார் யார் வந்தாங்கன்னு கணக்கு இருக்குமில்ல, அதைக் காட்டு," என்றேன்.

"அதெல்லாம் இதுல கிடையாது."

"டாக்டருங்க வாய்க்குள்ள முனகுறதையே கண்டுபிடிக்கிறவ நான். என் காதுலயே பூ சுத்தாத. திற."

திறந்தான். தினமும் ஒரே நேரம். வருகை மூன்று நாற்பது, வெளியேற்றம் நான்கு பத்து. பக்கம் பக்கமாக இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் வந்த கணினியின் பெயர்: நண்டப்பா.

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

"மாப்பிள்ளை அழுதாரும்மா. புள்ள முகத்தை மட்டும் பாத்துக்கறேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணாரு. மனசு கேக்கல. பாஸ்வேர்டைக் குடுத்துட்டேன்."

"எப்ப?"

"நீ குடிவந்த மறுநாளு."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. வாசலுக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேனே, பாவி. அந்தக் கேமராவுக்கு முன்னால்தான் தலை வாரினேன், தனியாக உட்கார்ந்து அழுதேன். அண்ணனின் முதுகைப் பார்த்தே பேசினேன்.

"இனி ஒரு தடவை வந்தா போலீசுக்குப் போவேன்னு அவர்கிட்ட போய்ச் சொல்லு."

அவன் திரும்பவில்லை.

"சொல்ல முடியாதும்மா. அவரு இல்ல."

"இல்லன்னா?"

"நாலு மாசமாச்சு. மாரடைப்பு. கதவை உடைச்சு உள்ள போனவன் நான்தான். கம்ப்யூட்டர் முன்னாடி, நாற்காலியிலயே இருந்தாரு. ஸ்கிரீன்ல இந்த ரூம் தெரிஞ்சிட்டு இருந்துச்சு. நண்டு வீட்டுப்பாடம் எழுதிட்டு இருந்தா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அதைச் சொன்னா இதையும் சொல்லணும். அதான் சொல்லல. அந்தக் கம்ப்யூட்டரை நான்தான் ஆஃப் பண்ணி எடுத்துட்டு வந்தேன். என் வீட்டுப் பரண்ல கிடக்கு. அதுக்கு ஒயர்கூட இல்ல."

பட்டியலின் கடைசி வரியைப் பார்த்தேன். நேற்றைய தேதி. வருகை மூன்று நாற்பது.

"வெளிய போ," என்றேன். போனான். படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை நின்றேன்.

அன்றே அவன் வைத்த வழியையும் அந்த வருகைப் பட்டியலையும் அழித்தேன். கணினிக்குப் புதுப் பாஸ்வேர்ட் போட்டேன். அன்று தட்டச்சு செய்த ஒரு நோயின் பெயர், நடுவில் ஆறு எண்கள். எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. கேமராவைக் கழற்றி, துணி அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் புதைத்தேன். மூன்று மணிக்கே கணினியை அணைத்து, நெட் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். வேறு கணினி கேட்டதற்கு, பத்து நாளில் அனுப்புவதாக அலுவலகம் சொன்னது. அதுவரை இதைவிட்டால் சோற்றுக்கு வழியில்லை.

மறுநாள் காலை கணினியைப் போட்டேன். நான் அழித்த பட்டியல் அழித்த இடத்திலேயே இருந்தது. கீழே புதிதாக ஒரு வரி.

மூன்று நாற்பது. நண்டப்பா. பாஸ்வேர்ட் தவறு.

அந்த நேரத்தில் ஒயர் என் மடியில் இருந்தது.

அடுத்த நாளும் பாஸ்வேர்ட் தவறு. அதற்கடுத்த நாளும். வெளியே நின்று ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். தட்டட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தட்டுகிறவர் வெளியில்தானே இருக்கிறார்.

ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, வரி மாறியிருந்தது.

மூன்று நாற்பது. நண்டப்பா. அனுமதி.

வெளியேற்றம் என்று எந்த நேரமும் பதிவாகவில்லை.

அன்று நண்டு பள்ளியிலிருந்து வந்ததும் அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, எதிரே நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மாவோட புதுப் பாஸ்வேர்ட் உனக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினாள்.

"எப்படிடி தெரியும்?"

"நீதான் அடிக்கிறப்ப வாயில சொல்லுவியே."

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

பாவாடையின் ஓரத்தை விரலில் சுற்றினாள். "அப்பா கேட்டாரு."

"எங்கருந்து?"

துணி அலமாரியைக் காட்டினாள்.

அப்பா இறந்தது அவளுக்குத் தெரியாது. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நானும் மறைத்தே வைத்திருந்தேன், அண்ணனைப் போலவே. இப்போது சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் உதடு பிதுங்கியது.

"அம்மாகிட்ட சொல்லாம இருந்தா வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்னாரு. இப்ப நான் சொல்லிட்டேன்ல. இனி கூட்டிட்டுப் போகமாட்டாரா?"

அழத் தொடங்கினாள். அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று என் மகள் விம்மி விம்மி அழுதாள்.

அவளை வாரி மடியில் போட்டு இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தில் மூன்று முப்பத்தொன்பது. முள் நகர்ந்தது.

அலமாரிக் கதவின் இடுக்கில் பச்சையாக வெளிச்சம் விழுந்தது.

டிக்.

டிக்.

நண்டு அழுகையை நிறுத்தினாள். "அப்பாவுக்குக் கோவம்மா," என்று என் காதில் மெல்லச் சொன்னாள். "என்மேல இல்ல. உன்மேல."

பிறகு, அவளைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.