புளியமரத்துக்கு இந்தப் பக்கம்

"எந்தக் கட்டையில போறவன் இந்த மரத்த வெட்டுனான்?"

அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஒரு காதலுக்கு இதைவிட மங்கலமான தொடக்கம் எங்கே கிடைக்கும்...

கட்டையில் போகிறவன் அவள் எதிரிலேயே நின்றிருந்தான். பெயர் மாயவன், வயது இருபத்து நாலு. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆறு வருஷமாக ஒரு கடிதத்துக்குக் காத்திருப்பவன். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்த எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி அது. முந்தின நாள் சாயங்காலம் கோடாலி பிடித்துப் பழகாத கையால் இந்தப் புளியமரத்தைச் சாய்த்தவன் அவன்தான். காவலுக்கும் அவனையே நிறுத்தியிருந்தார்கள்.

தூறல்... மேகத்துக்குள் பாதி மறைந்த கல்வராயன் மலை... சாலையில் ஒரு சைக்கிள், அதன் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி, அதைப் பிடித்துக்கொண்டு கோபத்தோடு அவள். இமையில் நின்ற மழைத்துளி விழட்டுமா வேண்டாமா என்று யோசிக்க, அதற்குக் கீழே இரண்டு பெரிய கண்கள் அவனைச் சுட்டெரித்தன.

"எங்க போற? ரோடு மறியல் தெரியாது?" என்று ஒருவழியாக மிரட்டினான்.

"மொதல்ல மரியாதையா பேசுங்க. நடந்து போறதுக்குமா மறியல்?"

"இல்ல... எங்க போறீங்க?"

"கள்ளக்குறிச்சிக்கு. பத்து மணிக்குப் பரீட்சை. வயர்மேன் பரீட்சை."

"நீங்களா?"

"ஏன், கரண்ட்டு பொம்பளைய பாத்தா வராதா?"

சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. சைக்கிளைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்படியே மரத்தின்மேல் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். இதே மாதிரி வழியெல்லாம் மரம் கிடப்பது அவளுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும்.

"சைக்கிள் ஆவாதுங்க. எங்க மோட்டார் கொட்டாய்ல வுட்டுடலாம். பெட்டிய நான் தூக்கியாறேன். நான் கூட வந்தா மத்த ஊர்ல யாரும் தடுக்க மாட்டாங்க."

அவள் கண்ணைத் துடைத்தாள். பெயர் கிரேஸ். பள்ளிக்கூடக் காவலாளி சின்னப்பன் மகள். கச்சிராயபாளையத்தில் அவன் தெருவுக்கும் அவள் தெருவுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான். ஆனாலும் இருவரும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவை இரண்டு தெருவுக்கும் இருந்ததே இல்லை.

நடந்தார்கள். பெட்டியின் கைப்பிடி அவன் உள்ளங்கைக் கொப்புளங்களில் அழுந்தியது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"இந்தப் பெட்டியில இன்னாங்க?"

"மெகர். ஒயர்ல எங்கயாவது கரண்ட்டு கசியுதான்னு கையால சுத்திப் பாக்கறது. மிஷன் ஆஸ்பத்திரியில இரவல் வாங்கினேன். பரீட்சையில தேறினா அங்கயே வேலை..." சற்று நிறுத்தினாள். "தேறலன்னா தை மாசம் கல்யாணம். உளுந்தூர்பேட்டை மாப்பிள்ளை. நாப்பது வயசு, ரெண்டாந்தாரம். இதான் கடைசி வாய்ப்புன்னு அப்பா சொல்லிட்டார்."

அதன்பிறகு அவன் நடை தானாகவே வேகமானது.

போன வருஷம் ஒரே ஒரு பல்பால் தோற்றவள் அவள். ஒயர்களுக்கு நடுவே சோதிக்கும்போது பல்புகளை எல்லாம் கழற்றிவிட வேண்டும். ஒன்றை மறந்தாள். மெகரைச் சுற்றினாள், ஒயரே கசிவது போல முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அதோடு சரி. அதனால் தன் பரீட்சை நோட்டை அவன் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொன்னாள்.

"மெயினு?"

"ஆஃப்."

"ஃபியூசு?"

"கழட்டியாச்சு."

"சுவிட்ச்சு?"

"எல்லாம் ஆன்."

"பல்பு?"

"கழட்டியாச்சுங்க..."

நாலு மரம் தாண்டுவதற்குள் பத்து முறை "பல்பு?" என்று கேட்டுவிட்டான். கடைசியில் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு... ஐயோ, அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டான்.

"எதுக்குங்க இந்த மறியல்லாம்?" என்றாள் திடீரென்று.

"எங்களுக்கும் வேலை வேணும்னுதான்..."

"எனக்கும் வேலை வேணும்னுதான் நடந்துக்கினு இருக்கேன்."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவனுக்கு அதிகம் வலித்தது.

எட்டரைக்கு மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. நனைந்தால் மெகர் தப்புக் கணக்குக் காட்டும் என்றாள். ஆள் இல்லாத ஒரு பஸ் நிழற்குடையில் ஒதுங்கினார்கள். அவன் துண்டால் பெட்டியைச் சுற்றினான். பத்து நிமிஷம்... இருபது... மழை விடவில்லை. அவள் ஒவ்வொரு நிமிஷமும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது.

"ஈரம் ஏறிருக்கான்னு பாத்துடலாம்" என்று பெட்டியைத் திறந்தாள். "இந்த ரெண்டு கிளிப்பையும் சேத்துப் புடிங்க. ரப்பர்ல புடிங்க, இரும்ப தொட்டா ஷாக்கடிக்கும்."

பிடித்தான். அவள் கைப்பிடியைச் சுற்றினாள். முள் பூஜ்யத்துக்கு வந்தது. விலக்கச் சொன்னாள். முள் மறுகோடிக்கு ஓடியது. நல்லவேளை, மெகர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பார்வை மெகரில் இல்லை.

"இன்னாங்க கையெல்லாம் கொப்புளம்?"

"அது... கரும்பு வெட்டுனது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். பிறகு பெட்டியை மூடி, திரும்ப அவன் கையிலேயே கொடுத்தாள். மழை குறைய முக்கால் மணி நேரம் ஆனது.

மிச்ச தூரத்தை ஓடினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சேற்றில் செருப்பு அறுந்தது, அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினாள். தேர்வு நடக்கும் கட்டடத்தின் கேட்டை அவர்கள் தொட்டபோது மணி பதினொன்று ஐந்து.

பரீட்சை நடத்துகிறவர் முந்தின வாரமே ஊருக்கு வந்து மறியலால் லாட்ஜில் மாட்டிக்கொண்டவராம். சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிட்டார். கேட்டுக்காரர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "கதவ சாத்தினப்புறம் எடுக்க மாட்டாங்களாம்மா. நீ வரலன்னு எழுதி அனுப்பிட்டாரு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்றாரு."

"சார், நான் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி நடந்து வந்தேன் சார்..."

"பாக்கவே பாவமாத்தான்மா இருக்குது. நான் இன்னா பண்ண?"

மாயவன் கையெடுத்துக் கும்பிட்டான். கேட்டுக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஜன்னல் வழியே உள்ளே தெரிந்தது. யாரோ ஒரு பையன் பலகையின் முன்னால் மெகரைச் சுற்றிக்கொண்டிருந்தான். மூலையில் ஒரு பல்பு கழற்றாமல் அப்படியே இருந்தது.

"பல்ப கழட்டல..." என்றாள் கிரேஸ் மெல்ல. "நான் கழட்டியிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை, அழவில்லை. ஊர்ப்பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். பெட்டியோடு அவன் பின்னாலேயே போனான். கள்ளக்குறிச்சி எல்லையில் கிடந்த முதல் மரத்தருகில் அவள் நின்றாள். அவன் பெட்டியைக் கீழே வைத்தான், இரண்டு கைகளையும் அவள் முன்னால் விரித்தான்.

"கரும்பு இல்லைங்க... அந்தப் புளியமரம்... நான்தான்..."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஆலை தொறக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. புரட்டாசியில எவன் கரும்பு வெட்டுவான்?"

"தெரிஞ்சுமா கூட வந்தீங்க?"

"தெரிஞ்சதாலதான் பெட்டிய உங்க கையிலயே குடுத்தேன். வலிக்கட்டும்னு... கொஞ்ச தூரம் வந்ததும் உங்களுக்கு வலிக்குதேன்னு எனக்கு வலிச்சுது. அப்பக்கூட வாங்கிக்கல. எனக்கு அவ்ளோ கோவம்."

இப்போது அழுதாள். காலையிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. அவன் தொடவும் முடியாமல், விலகவும் முடியாமல் நின்றான்.

"உங்க வூட்டுக்கு வரேன்" என்றான். "உங்கப்பா கால்ல வுழுந்து சொல்றேன், எம்மேலதான் தப்புன்னு. அந்த உளுந்தூர்பேட்டைக்கு உன்ன அனுப்ப வேணாம்னு சொல்றேன்."

"எங்க தெருவுக்கு நீங்க வந்தா உங்க ஆளுங்க சும்மா வுடுவாங்களா? எங்க ஆளுங்க வுடுவாங்களா?"

"வுட மாட்டாங்க. ஆனாலும் வரேன்."

"எதுக்குங்க? மரத்த வெட்டின பாவத்துக்கா?"

"இல்ல... எனக்கு உன்ன புடிச்சிருக்கு. சிரிச்சியே... அப்பவே. நேத்து சாயங்காலத்துக்குள்ள ஒரு தடவ உன்ன பாத்திருந்தா சத்தியமா அந்த மரத்து மேல கை வெச்சிருக்க மாட்டேன், கிரேஸ்."

இமையில் மறுபடி ஒரு துளி நின்றது. இந்த முறை மழையில்லை.

"நீங்க வெட்டாம இருந்தா..." என்றாள் அவள். "நான் பாட்டுக்கு சைக்கிள்ல நேரா போயிருப்பேன். பரீட்சை எழுதியிருப்பேன். உங்கள பாத்திருக்கவே மாட்டேன்."

மரத்தைத் தாண்ட அவள் கையை நீட்டினாள். கொப்புளம் உடைந்த அவன் கையை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அந்தப் பக்கம் இறங்கிய பிறகும் விடவில்லை.

"எனக்கும்தான் புடிச்சிருக்கு" என்றாள். "வாங்க, போலாம். அடுத்த மரம் வரைக்கும்."