காணாமல் போன வெள்ளைப் பூச்சு

ஓய்வு பெற்ற சுங்க மதிப்பீட்டாளரின் வீட்டில் அன்று காலை ஒரு வழக்கு சூடாக நடந்துகொண்டிருந்தது. கைத்தடிக்குள் மடங்கிக்கொள்ளும் குடையைக் குடை என்பதா, கைத்தடி என்பதா? கைத்தடியேதான் என்று மேசையைத் தட்டினார் அவருடைய மைத்துனர். தன் அச்சகத்தை மகளிடம் ஒப்படைத்த நாளிலிருந்து அத்தானின் நிழலாகவே திரியும் மனிதர் அவர். துப்புத் துலக்குவதில் அவருக்கு ஆசை மலையளவு, பொறுமை கடுகளவு.

தீர்ப்பு வருவதற்குள் வாசல் மணி அடித்தது. ஓவியப் பொருள் கடை வைத்திருக்கும் அம்மாள் உள்ளே வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. உட்காரச் சொல்வதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்.

“என் சரக்கைச் சுங்கத்துல பிடிச்சு வெச்சுட்டாங்க, ஐயா. படம் வரையிற கான்வாஸ்னு எழுதிக் கொடுத்து இறக்குமதி பண்ணேன். மாதிரி வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாங்க. வெறும் பருத்தித் துணின்னு பதில் வந்திருக்கு.”

“துணி துணிதானேம்மா? இதுல என்ன வம்பு?” என்றார் மைத்துனர்.

“அங்கதான் மச்சான் வம்பே,” என்றார் மதிப்பீட்டாளர். “வெள்ளைப் பூச்சு பூசி, தூரிகை வெக்கத் தயாரா இருக்கற துணி வரிப் பட்டியல்ல ஒரு இடத்துல வரும். வெறும் துணி வேற இடம், வரியும் அதிகம். அதைச் சொல்லி இதைக் கொண்டுவந்தா பொய்க் கணக்குன்னு ஆயிடும். யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?”

அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். “என் தம்பி மேல,” என்றார் கடைசியில்.

தம்பிதான் அவருடைய சுங்க முகவர். கப்பலிலிருந்து கிடங்கு வரை சரக்கோடு கூடவே இருந்தவன். மாதிரி வெட்டும்போது அவன் சுங்கப் பரிசோதகரின் காதில் ஏதோ குசுகுசுத்ததைக் கிடங்குக் காவலாளி பார்த்திருக்கிறார். என்னடா பேசினாய் என்று அக்கா கேட்டதற்கு, “அதை மட்டும் கேக்காதேக்கா” என்று தலையைக் குனிந்துகொண்டானாம்.

“நல்ல கான்வாஸை வித்துட்டு வெறும் துணியை வெச்சுட்டானோன்னு தோணிச்சு. நேத்து கடையில நாலு பேர் முன்னால திருடான்னு கத்திட்டேன். தூக்கி வளர்த்த பிள்ளை, ஐயா! இன்னிக்கு மத்தியானம் விசாரணை. அவன் பேரைச் சொன்னா அவன் உரிமம் போயிடும். சொல்லலைன்னா என் கடை போயிடும்.”

பரிசோதனைக்குப் போக மீதியிருந்த மாதிரியை அவர் பையிலிருந்து எடுத்தார். நாலு விரல் அகலத்தில், கை நீளத்துக்கு ஒரு பழுப்புத் துண்டு. தன் கடையில் இருந்த பழைய சரக்கிலிருந்து இன்னொரு துண்டையும் பக்கத்தில் வைத்தார். அது விளிம்புவரை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

மைத்துனர் பழுப்புத் துண்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார். “அத்தான், பூச்சி அரிச்ச துணி! ஓரமா வரிசையா ஓட்டை பாருங்க.”

“இவ்வளவு சீரா இடம் விட்டுக் கடிக்கற பூச்சியை நான் பார்த்ததில்லை,” என்றார் மதிப்பீட்டாளர்.

மைத்துனரின் விரல்கள் சும்மா இருக்கவில்லை. துண்டின் ஒரு நீளப் பக்கத்தில் நூல் நூலாக உருவிப் போட்டார். மறுபக்கத்தில் எவ்வளவு நோண்டியும் ஒரு நூல்கூட வரவில்லை. மதிப்பீட்டாளர் அதைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு முன்னாடி முழு உருளையா வாங்கியிருக்கீங்களா?”

“இல்லீங்க. மொத்த வியாபாரி அளவா வெட்டிக் கொடுத்ததைத்தான் வித்தேன். இதுதான் முதல் தடவை.”

“உருளையைப் பிரிச்சுப் பார்த்தாங்களா?”

“இல்லை. இப்ப முத்திரை வெச்சுட்டாங்க. வெளிப்பக்கம் பழுப்பு, ரெண்டு முனையும் பழுப்பு. அதைப் பார்த்துத்தான் எனக்கே சந்தேகம் வந்துச்சு.”

மதிப்பீட்டாளர் செருப்பை மாட்டிக்கொண்டார். வழியெல்லாம் மைத்துனர் நடுக்கடலிலேயே சரக்கை மாற்றிய கொள்ளைக்கூட்டம் ஒன்றை வளர்த்துக்கொண்டு வந்தார். கிடங்கு வாசலுக்கு வருவதற்குள் அந்தக் கூட்டத்துக்குத் தலைவனும் கிடைத்திருந்தான்.

கிடங்கில் விசாரணைக்கு வந்த சுங்கக் கண்காணிப்பாளர் விறைப்பாக நின்றிருந்தார். தம்பி சவரம் செய்யாத முகத்தோடு தூணோரம் ஒதுங்கியிருந்தான். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மதிப்பீட்டாளர் பழுப்புத் துண்டை, மாதிரி வெட்டிய பரிசோதகரிடம் நீட்டினார். “மாதிரின்னா நடுவுல சதுரமா வெட்டறதுதானே வழக்கம்? இது ரிப்பன் மாதிரி இருக்கே, ஐயா.”

பரிசோதகர் துண்டைக் கையில் வாங்கவில்லை.

“நானே சொல்லிடறேன். இந்தப் பக்கம் நூல் பிரியுது, அது கத்தரி பட்ட பக்கம். அந்தப் பக்கம் பிரியலை, அது தறியிலேயே முடிஞ்ச ஓரம். ஓட்டையும் அந்த ஓரத்துலதான் இருக்கு. கொக்கியில மாட்டி, விறைப்பா இழுத்துக் கட்டித்தான் துணிக்குப் பூச்சு பூசுவாங்க. கொக்கி பிடிக்கற ஓரத்துல பூச்சு ஏறாது. அந்த ஓரங்கள்தான் உருளையோட ரெண்டு முனையிலும் தெரியுது. பூசின பக்கத்தை உள்ளே வெச்சுச் சுருட்டியிருந்தா வெளியிலயும் பழுப்புதான் தெரியும். ஆய்வுக்கூடமும் பொய் சொல்லலை, இந்தம்மாவும் பொய் சொல்லலை. பிரிங்க.”

கண்காணிப்பாளர் தலையசைத்தார். முத்திரையை உடைத்து உருளையைத் தள்ளிவிட்டார்கள். இரண்டு ஓரத்திலும் பழுப்புக் கோடு ஓட, நடுவெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடங்கின் நீளத்துக்கு விரிந்தது. மைத்துனர் கொள்ளைக்கூட்டத்தை அம்போவென்று விட்டுவிட்டுக் கைதட்டினார்.

“அப்ப ஏன்யா ஓரத்துல வெட்டினீங்க?” என்று சீறினார் கண்காணிப்பாளர்.

பரிசோதகர் தூணோரம் பார்த்தார். “அந்தத் தம்பி கேட்டுக்கிட்டாருங்க. ‘நடுவுல கத்தரி வெக்காதீங்க ஐயா, முழு உருளை இறக்கணும்னு அக்காவுக்கு ரொம்ப நாள் ஆசை, ஓரமா கொஞ்சம் எடுத்துக்குங்க’ன்னாரு. விதிப்படி தப்புதான். மனசு கேக்கலை.”

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். “இதைச் சொல்றதுக்கு என்னடா? நான் அவ்வளவு கத்தினேனே!”

“சொன்னா அவரு வேலைக்கு ஆபத்துக்கா. என் பேச்சைக் கேட்டுத்தானே செஞ்சாரு. ஓரமும் நடுவும் ஒண்ணுன்னுதான் நானும் நெனச்சேன்.”

“உன் பொழைப்பு போயிருக்குமேடா!”

“நீ என் பேரைச் சொல்ல மாட்டேன்னு தெரியும்க்கா.”

சொல்வதற்காகத்தான் அவள் வந்திருந்தாள். அது அவளுக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் அழுதாள்.

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். இந்த ஒரு தடவை எச்சரிக்கையோடு விடுவதாகவும், இனிமேல் இரக்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வரும்படியும் பரிசோதகரிடம் சொன்னார். “ஆனா புதுசா மாதிரி எடுத்தே ஆகணும்மா. விதிப்படி, நடுவுல.”

பரிசோதகர் கத்தரியோடு வெள்ளைத் துணியருகே மண்டியிட்டார். கை தயங்கியது. தம்பியோ, “ஐயா, கொஞ்சம் சின்னதா…” என்று பழையபடி வாயெடுத்தான்.

“நீ சும்மா இருடா,” என்று அக்கா அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “நடுவுலயே வெட்டுங்க, ஐயா. எவ்வளவு பெருசா வேணுமோ வெட்டிக்குங்க.”

கத்தரி துணியில் இறங்கியபோது அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.