பதின்மூன்று புள்ளி ஏழு

யுவராணியின் ரெக்கார்டு நோட்டில் லென்சின் குவியத் தூரம் 13.7 சென்டிமீட்டர் என்றிருந்ததில் தப்பில்லை. அடுத்த பக்கத்தில் கம்பிச் சுருளின் மின்தடையும் 13.7 ஓம் என்றிருந்ததுதான் கோகிலவாணியை உறுத்தியது. பதினான்கு வருடமாகப் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவள். பார்த்தெழுதும் பிள்ளைகளை அவளுக்குத் தெரியும். ஆனால் முப்பத்தெட்டு நோட்டிலும், எல்லாச் சோதனையிலும், அதே மூன்று இலக்கம்.

நாளைக்குச் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வரும் தேர்வாளர், டீச்சரே எழுதிக் கொடுத்தது என்றுதான் சொல்வார். வேலைக்கே உலை.

"யாரப் பாத்து எழுதுனீங்க?"

"யாரையும் பாக்கலீங்க மிஸ். அளந்தா அதான் வருது," என்றாள் யுவராணி. "அணுப் பாடத்துல சொன்னீங்களே, நூத்தி முப்பத்தேழுன்னு ஒரு நம்பர், எதனாலன்னே யாருக்கும் தெரியாதுன்னு. அதுக்கு எதாச்சும் அர்த்தம் இருக்குங்களா?"

"நம்பருக்கு என்னடி அர்த்தம்? சென்டிமீட்டரும் ஓமும் மனுசன் வெச்ச அளவு. எல்லாரும் வராந்தாவுல போய் உக்காருங்க."

ஸ்பிரிட்டும் துருவும் கலந்த வாடை, ஒரு பக்கமாய் இழுத்துச் சுற்றும் மின்விசிறியின் கிறீச்சு, ஓசூர் ரோட்டில் தக்காளி லாரிகளின் ஹாரன், இவற்றுக்கு நடுவே எரிச்சலோடு கோகிலவாணியே லென்சின் குவியத் தூரத்தை அளந்தாள். 13.7. லென்சை மாற்றினாள். 13.7. தடித்த லென்ஸ், மெல்லிய லென்ஸ், எதை வைத்தாலும் அதேதான்.

"முனிராஜண்ணா, அந்தத் தையல் டேப்பக் குடுங்க."

லேப் உதவியாளர் முனிராஜ் எடுத்து வந்தார். அதே தூரத்தை அங்குலப் பக்கத்தில் வைத்தாள். ஐந்தரைகூட வரக் கூடாது. பதின்மூன்றே முக்காலுக்கு மயிரிழை குறைவாக வந்தது.

டேப்பை வீசியெறிந்தாள்.

"விடுங்க டீச்சர். செத்த உக்காருங்க."

உட்காரவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நாடியை எண்ணினாள்.

நூற்று முப்பத்தேழு.

பயத்தில் ஓடுகிறது. அவ்வளவுதான். "உங்க கையக் குடுங்கண்ணா."

அறுபதை நெருங்கும் மனிதர். பதற்றமே இல்லாத முகம். எண்ணினாள்.

நூற்று முப்பத்தேழு. அவள் நாடியோடு ஒரே தட்டாக.

அப்போதுதான் கவனித்தாள். வராந்தாவில் முப்பத்தெட்டுப் பெண்கள். ஒரு பேச்சுச் சத்தம் இல்லை.

கதவருகே போனாள்.

வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நிமிர்ந்து. எல்லாக் கழுத்திலும் நரம்பு துடித்தது. சேர்ந்து. ஒரே தட்டு. ஒரே தட்டு.

நின்றது.

எல்லாக் கழுத்திலும். ஒரே நேரத்தில்.

ஒருத்தியும் சாயவில்லை. முப்பத்தெட்டு ஜோடிக் கண்களும் அவளையே பார்த்தன.

"கூப்பிட்டீங்களா மிஸ்?" என்றாள் யுவராணி. அவள் கழுத்தில் எதுவும் அசையவில்லை.