ஊரார் வீட்டுக் குரல்

ஒரே ஒரு "உட்காருங்க கண்ணுகளா"தான். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் அது அவரவர் அம்மாவின் குரலில் கேட்டது. இருபத்திரண்டும் பாயில் உட்கார்ந்தன. கோகிலா தன் கழுத்தில் ஒட்டியிருந்த குரலாடையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கோவையில் இப்போது அது இல்லாத மழலைக்கூடமே கிடையாது. பிள்ளையின் காதுக்குப் பின்னால் இருக்கும் செவிமணி, ஆசிரியையின் சொந்தக் குரலை அடைத்துவிட்டு, அவள் சொல்வதைப் பெற்றவள் குரலில் சொல்லும். சேர்க்கையின்போதே அம்மாக்களைப் பேசவைத்துப் பதிந்துகொள்வார்கள். பிறகு பிள்ளை அழுமா என்ன?

கோகிலா வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்கான குரலாடை வந்து சேரவில்லை. அந்த ஒரு நாள் இருக்கிறதே! பெயர்தான் கோகிலா, வாயைத் திறந்ததும் குரல் வெடவெடவென்று நடுங்கியது. ஒன்று அழ, ஒன்பது அழுதன. ஒரு வாண்டு மணிக்கட்டில் கடித்துவைத்தது. சத்துமாவு உருண்டைத் தட்டு கவிழ்ந்தது. கடைசியில் அவளும் பாயில் உட்கார்ந்து அழுதுகொண்டே கதை சொன்னாள். விதிப்படி அந்தக் கூத்தின் பதிவு எல்லாப் பெற்றோருக்கும் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது மடல் சுடும்.

மறுநாள் குரலாடை வந்தது. மூன்றே மாதத்தில் அவள் நடையே நிமிர்ந்துவிட்டது.

"பரவால்லியே கோகிலா, நல்லாத் தேறிட்டயே!" என்றார் தலைமை ஆசிரியை மரகதம். "பெற்றோர் கூட்டம் முடியட்டும். மறுநாளே நிரந்தர ஆணை கொடுத்தர்றேன்."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். தான் பரிமாறுவது யார் வீட்டு நெய் என்று கோகிலா யோசிக்கவே இல்லை.

பெற்றோர் கூட்டம் கலைந்த பிறகும் ஒருத்தி மட்டும் நின்றாள். ஆதிரையின் அம்மா சர்மிளா.

"உங்களக் கேக்காம ஒண்ணு பண்ணிப்போட்டனுங்க மிஸ். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"வீட்டுக்கும் ஒரு குரலாடை வாங்குனோம். அதுல உங்க குரலப் போட்டுட்டேன். மொத நாள் பதிவு வந்துச்சல்லங்க, அதுல இருந்து."

கோகிலாவின் முகம் சுண்டிப்போயிற்று. "கேலி பண்றீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்லீங்க!" சர்மிளாவின் கண் கலங்கியது. "பகல் பூரா உட்காரு, கை கழுவு, பேசாதேன்னு என் குரலேதான் ஆதிரைக்குக் கேக்குது. சாயங்காலம் நான் கூப்ட்டா காதப் பொத்திக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிருதுங்க. பெத்தவ நானு, வெக்கத்த விட்டுச் சொல்றேன். மொத நாள் வந்து, 'மிஸ்ஸுக்கும் பயமா இருக்காம்மா'ன்னு அப்படிச் சிரிச்சுது. சரி, அந்தக் குரலப் போட்டுப் பாப்போம்னு போட்டேன். ஓடியாந்து மடியில ஏறிருச்சு. ஒரு மாசமா வீட்ல நான் உங்க குரல்லதானுங்க பேசறேன்."

கோகிலாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு தாயின் குரலைத் தேய்த்துத் தேய்த்தல்லவா அவள் நிமிர்ந்து நடந்திருக்கிறாள்! மன்னிப்புக் கேட்பதுபோல் கை தானாகக் கூம்பியது.

மறுநாள் காலை மரகதம் ஆணையோடு வகுப்பு வாசலுக்கு வந்தார். கோகிலா அவர் கண்ணெதிரிலேயே குரலாடையைக் கழற்றினாள். வேலை போனால் போகட்டும்.

"வாங்க கண்ணுகளா… எல்லாரும் உட்காரலாம்."

அதே வெடவெடப்பு. பிள்ளைகள் திருதிருவென்று விழித்தன. ஒன்று உதட்டைப் பிதுக்கியது. ஆதிரை மட்டும் ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது. கோகிலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போதும், இந்த ஒரு பிள்ளை போதும்.

ஆதிரை அண்ணாந்து பார்த்து முகத்தைச் சுளித்தது.

"ஏன் மிஸ் எங்கம்மா மாதிரியே பேசறீங்க? மிஸ் குரல்ல பேசுங்க."

அது என் குரல்தான் கண்ணு என்று சொல்ல வாயெடுத்தாள் கோகிலா. வாசலில் மரகதம் காத்திருந்தார். குரலாடை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. சொல்லலாம்தான். எந்தக் குரலில் சொல்வது?