வடக்கைத் தொலைத்த கல்

"ஐயோ அம்மா! கல்லுல போட்டிருந்த அம்புக்குறி எங்கே?"

ரேணுகா போட்ட கூச்சலுக்குச் செக்காலைத் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

"அந்தச் சாக்பீஸ் கறையா? நார் போட்டுத் தேச்சுக் கழுவிட்டேன்டி" என்றாள் அம்மா பாண்டீஸ்வரி பெருமையாக. "வரிவரியா பட்டை போட்ட சிவனாட்டம் இருந்துச்சு. சந்தனம், குங்குமமும் வச்சுட்டேன்."

கல் சாமியாக உட்கார்ந்திருந்தது. ரேணுகாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி!

"அது வடக்கும்மா! சித்தப்பா தோட்டத்துப் பாறையில பெயர்ந்து நின்ன துண்டு. எடுக்கிறதுக்கு முன்னாடி வடக்கைக் குறிச்சு வச்சேன்."

"வடக்கு எதுக்குடி கல்லுக்கு?"

ரேணுகா தரையில் கிடந்த பாயைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினாள். பாய் சுருக்கம் சுருக்கமாக மடிந்தது.

"நான் நேராத் தள்ளினேன், சுருக்கம் குறுக்கால விழுது பாத்தியா? கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னாடி, பூமிக்குள்ள சூட்டுல இளகின பாறையும் இப்படித்தேன் மடிஞ்சிருக்கு. இந்தக் கல்லு வரியெல்லாம் அந்த மடிப்புதேன். அதைப் பாத்தா எந்தத் திசையில நெருக்குச்சுன்னு சொல்லிரலாம். அதுக்கு வடக்குத் தெரியணுமே!"

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "நாந்தேன் கெடுத்துப்புட்டேனா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் ரேணுகாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. சட்டென்று பொறி தட்டியது.

"அம்மா, துண்டுதானே இங்க வந்துச்சு? பாறை அங்கேயேதானே இருக்கு! கிளம்பு!"

சிவகங்கைப் பக்கம் தோட்டத்தில் முத்தரசு சித்தப்பா வாயைப் பிளந்தார். "வாங்க மதினி! என்ன, சாமியைத் தூக்கிட்டு வாரீக?"

பாறையில் துண்டு பெயர்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. ரேணுகா கல்லை அதில் வைத்தாள். ஆடியது. திருப்பி வைத்தாள். முட்டியது. அம்மாவும் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இங்குட்டுத் திருப்புடி!"

டக்! கல் கச்சிதமாக உட்கார்ந்தது. வரியோடு வரி சேர்ந்துகொண்டது.

சித்தப்பாவின் செல்போனில் இருந்த திசைகாட்டியை ரேணுகா பக்கத்தில் பிடித்தாள். மடிப்புகள் வடக்கு தெற்காக ஓடின.

"அப்படின்னா நெருக்கினது கிழக்கு மேற்கா! கண்டுபிடிச்சாச்சு!" என்று குதித்தாள்.

"கிழக்கேருந்தா, மேற்கேருந்தா?"

"அதை இந்த மடிப்பு சொல்லாதும்மா. எங்குட்டிருந்து தள்ளினாலும் சுருக்கம் ஒண்ணுதேன்."

தோட்டத்து இரும்புக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டைச் சித்தப்பா கொண்டுவந்தார். கல்லின்மேல் அம்புக்குறியை அம்மாவே போட்டாள்.

மறுநாள் கண்காட்சியில் நடுவர் கல்லைக் குனிந்து பார்த்தார்.

"எந்தத் திசையில் நெருக்கியிருக்கும்?"

ரேணுகா வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து அம்மாவின் குரல் முந்திக்கொண்டது.

"கிழக்கு மேற்கா, சார்! நாங்களே போய்ப் பாத்துட்டு வந்தோம்!"